பரண் ஏறிய கார்ப்பெட்



எங்கள் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். மார்கழி, தை மாதங்களில் காலையில் தரையில் கால் வைக்க முடியாது. எங்கள் வீட்டிலோ கிரானைட் தரை. கேட்கவே வேண்டாம்! கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரு தீபாவளிக்கு போனஸ் வந்த கையோடு பெங்களூரு போய், ஹாலை அடைக்கிற மாதிரி மெத்தென்று ஒரு நைலான் கார்ப்பெட் வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாமியார் மட்டும், "இதெதுக்குக் கண்ணு? பவானி ஜமக்காளம் பரண் மேல சும்மாதானே கெடக்குது" என்றார். கல்யாணப் பந்தலில் விரிக்கிறதைப் போய் ஹாலில் போடுவதா என்று நான் காதில் வாங்கவில்லை.

இரண்டே மாதத்தில் ஐந்து வயது மகனுக்கு ராத்திரியில் இளைப்பு. மூச்சு விட முடியாமல் அவன் எழுந்து உட்கார்ந்து அழுவான். நானும் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பேன். டாக்டர் மருந்து எழுதும்போதே, "வீட்டுல கார்ப்பெட் இருக்காம்மா?" என்று கேட்டார். திக்கென்றது. அடர்ந்த இழைகளுக்குள் தூசியும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் தங்கிவிடுமாம். அந்தப் பூச்சிகளின் எச்சம்தான் சில பிள்ளைகளுக்கு ஆகாதாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மேலே கிளம்புமே தவிர வெளியே போகாது. அத்தனை பெரியதைத் துவைக்கத்தான் முடியுமா?

அன்றைக்கே கார்ப்பெட் பரணுக்குப் போனது, ஜமக்காளம் கீழே வந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஜமக்காளம் தட்டை நெசவு. தூசி ஒளிய இடம் கிடையாது. உதறலாம், துவைக்கலாம், வெயிலில் காயப் போடலாம். இரண்டு பக்கமும் விரிக்கலாம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985-ம் வருஷத்துச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டது. ஆனாலும் விசைத்தறியில் நெய்த போலிகள் கடைகளில் வருகின்றன. அதனால் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ பார்த்து வாங்குங்கள். புதிதில் சாயம் போகலாம், முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள்.

வேறு விரிப்பு வாங்குவதானால், ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை, கம்பளி என்றால் முடி பொசுங்கிய நாற்றம். நைலான் உருகிக் கெட்டி மணியாகிவிடும். வாசலுக்குத் தேங்காய் நார் மிதியடியே போதும், செம்மண் எல்லாம் அதிலேயே நின்றுவிடும். சணல் விரிப்பை ஈரம் படும் இடத்தில் போடாதீர்கள். வழவழப்பான தரையில் ஜமக்காளம் வழுக்கும். அடியில் ரப்பர் வலை விரிப்பு போட்டுவிடுங்கள், வயசானவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

மகனுக்கு இளைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பனிக் காலத்தில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் ராத்திரியில் தூங்குகிறான்.

பரணில் இருக்கும் அந்தக் கார்ப்பெட்டைப் பாதி விலைக்குக் கூடக் கேட்க ஆளில்லை. அதை என்ன செய்யலாம் என்று தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்!

- ஒரு வாசகி, ஓசூர்.