கோபுரத்துச் சாரமும் வீட்டு ஏணியும்

திருக்கோஷ்டியூர் என்றதும் பலருக்கு நினைவு வருவது ராமானுஜர் மேலே ஏறிய கதைதான். நம்பியிடம் 18 முறை நடந்து வந்து பெற்ற மந்திரத்தைக் கோயில் உச்சியில் ஏறி நின்று ஊருக்கே சொல்லிவிட்டார் என்பது வைணவ மரபு. இன்றும் சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் அஷ்டாங்க விமானத்துக்குள் குறுகலான படிகளில் ஏறி, அவர் சிலையைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம். நாம் ஏறுவது உள்பக்கம். கல்லுப்படி, பிடித்துக்கொள்ளச் சுவர். வெளிப்பக்கமாக ஏறுகிறவர்கள் வேறு ஆட்கள். திருப்பணி வந்தால் சாரம் கட்டுபவர், சுதை வேலைக்காரர், பெயிண்டர் என்று வரிசையாக ஏறுவார்கள். இந்தக் குறிப்பு அவர்களைப் பற்றியது. அதைவிட, நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவரைப் பற்றியது.

கோபுரத்தைச் சுற்றிக் கட்டிய சவுக்குக் கம்புச் சாரத்தைக் கீழே நின்று பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நிற்கும் கம்பு, படுக்கைக் கம்பு, இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பு. சுமை நூறு முடிச்சுகளில் பிரிந்து இறங்குகிறது. ஒரு முடிச்சு தளர்ந்தால் பக்கத்து முடிச்சு தாங்கும். சாரத்தில் பெரும்பாலும் ஆபத்து கம்பில் இல்லை, பலகையில்தான். பலகையின் முனை தாங்குகம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்து, அதில் ஒருவர் கால் வைத்தால் ஏற்றப்பலகை மாதிரி மறுமுனை தூக்கிவிடும். அப்புறம் கைப்பிடிக் கம்பு. வேலைக்கு இடைஞ்சல் என்று முதலில் அவிழ்ப்பது அதைத்தான்.

ஏணியின் கதை வேறு. கீழே இரண்டு கால், மேலே இரண்டு முனை, அவ்வளவுதான். ஒன்று நழுவினால் தாங்க வேறு ஆளில்லை.

ஏணி ஏன் வழுக்குகிறது? பள்ளி இயற்பியல் போதும். நீங்கள் ஏணியில் நிற்கும்போது உங்கள் எடை மேல்முனையைச் சுவரில் அழுத்துகிறது. சுவர் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஏணியின் காலை வெளியே ஓட்டப் பார்க்கிறது. தடுப்பது தரையின் உராய்வு மட்டும். இதில் முக்கியமான விஷயம், நீங்கள் மேலே போகப் போக இந்தத் தள்ளல் கூடிக்கொண்டே போகும். முதல் படியில் ஏறி நின்று இரண்டு குதி குதித்து, "கெட்டியா இருக்கு" என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை. கீழே நின்ற ஏணி உச்சியில் வழுக்கும்.

எவ்வளவு தள்ளல் என்பது சாய்வைப் பொறுத்தது. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரமென்றால் கால் 3 அடி தள்ளி இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று, ஏறத்தாழ 75 டிகிரி. ஏணியின் எடையையும் சுவரின் உராய்வையும் விட்டுவிட்டுப் பார்த்தால், உச்சியில் நிற்பவருடைய எடையில் கால் பங்கு உராய்வு கிடைத்தால் போதும். 60 டிகிரிக்குச் சாய்த்தால் பாதிக்கு மேல் வேண்டும். 45 என்றால் முழு எடையும். மண்தரையில் எப்படியோ சமாளிக்கலாம். மெழுகு மாதிரி வழவழக்கும் ஆத்தங்குடி டைல்ஸில், அதுவும் பெயிண்ட் சிந்தி ஈரமாக இருந்தால், கால் பங்கே சந்தேகம். அதுக்காக ரொம்ப நிமிர்த்தி வைத்தால் ஆள் பின்பக்கமாகச் சாய்வார்.

ஒரு ஆள் கீழே பிடித்துக்கொள்வது வழக்கம். வெறுங்கையால் பிடிப்பதில் பலன் குறைவு. அதே எடையுள்ள ஒருவர் கீழ்ப்படியில் ஏறி நின்றால், தரையை அழுத்தும் எடை இரண்டு மடங்கு, தள்ளலோ ஏறத்தாழ பழையபடிதான். அதாவது தேவைப்படும் உராய்வு விகிதம் பாதியாகிறது. இதைவிட நல்லது மேல்முனையைக் கட்டிவிடுவது. செட்டிநாட்டு வீடுகளில் ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி உண்டு. ஒரு முழக் கயிறு போதும்.

இதெல்லாம் இரண்டு கையும் சும்மா இருப்பவருக்கு. சித்தாளைப் பாருங்கள். ஏணியில் எப்போதும் மூன்று பிடிமானம் வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லும் விதி: இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால். தலையில் கலவைச் சட்டி, ஒரு கை அதன் மேல், மறு கையால் ஏணியைப் பிடித்தபடி, புடவையைக் கால் மிதிக்காமல் ஏற வேண்டும். அடுத்த படிக்குக் கை மாற்றும் ஒவ்வொரு முறையும் விதி உடைகிறது. கவனமாக ஏறும்மா என்று அவரிடம் சொல்வது அபத்தம். மாற வேண்டியது வேலைமுறை. ஒரு கப்பியும் கயிறும் கட்டிச் சட்டியை இழுக்கலாம். அல்லது குறுக்குச் சட்டம் அடித்த சாய்வுப் பலகை போடலாம்.

"பத்தடிதானே?" என்பார்கள். 3 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர முக்கால் வினாடிக்குச் சற்று மேல். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர். ஓடும் சைக்கிளிலிருந்து சிமெண்டுத் தரையில் தலை மோதுவதைவிட மோசம். பெல்ட் போட்டாலும், கயிற்றைக் கால்மட்டத்தில் கட்டினால் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு விழுந்த பிறகுதான் அது இறுகும். தலைக்கு மேலே கட்ட வேண்டும். மின்கம்பி பக்கத்தில் அலுமினிய ஏணி கூடவே கூடாது. ஈர மூங்கிலும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பத்துத் தொழிலாளிக்குக் குறைந்த இடங்களைத் தொடவில்லை. 10 லட்ச ரூபாய்க்குள் சொந்த வீடு கட்டுபவரையும் விட்டுவிட்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அதே பத்து. வீட்டுக்கான வரம்பு மட்டும் 50 லட்சம். இரண்டு பெயிண்டரும் ஒரு ஏணியும் வந்து போகும் வீடு இரண்டு கணக்கிலும் வராது. தமிழ்நாட்டில் 1994இல் அமைத்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் விபத்துக்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் அது விழுந்த பிறகு.

ஆக, அந்த வீட்டில் பாதுகாப்பை முடிவு செய்வது கூலி பேசும் இடம்தான். மேஸ்திரி சாரத்துக்குத் தனியாகக் கேட்டால், "இந்தச் சுவத்துக்குப் போய் சாரமா, ஏணியில முடிச்சிருங்க" என்கிறோம். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை இதற்கு ஒரு எளிய அளவுகோல் தருகிறது: ஒரே தடவையில் 30 நிமிஷத்துக்கு மேல் ஏணியில் நிற்க வேண்டிய வேலையென்றால் வேறு ஏற்பாட்டை யோசியுங்கள். ஒரு பக்கச் சுவருக்குப் பட்டி பார்த்து இரண்டு கோட்டு அடிக்க எவ்வளவு நேரமாகும் என்று மேஸ்திரியிடமே கேளுங்கள். சாரச் செலவையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் ஏணி கொண்டுவந்தால் ஒவ்வொரு படியையும் கையால் திருகிப் பாருங்கள். சுற்றினால் அன்றைக்கு வேலை வேண்டாம். ஏணி முழுக்கப் பெயிண்ட் அப்பியிருந்தாலும் சந்தேகப்படுங்கள், விரிசல் அதுக்கு அடியில்தான் இருக்கும்.