மருத்துவர் மாநாட்டுக்குச் சென்றிருக்கும் நாட்களில்

எங்கள் புறநோயாளிகள் பிரிவின் வாயிலில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒரு சிறு பலகை தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘மருத்துவர் மாநாட்டுக்குச் சென்றுள்ளார். வியாழன் முதல் வழக்கம்போல் பார்ப்பார்’ என்று அதில் எழுதியிருக்கும். நெடுங்காட்டிலிருந்தும் திருநள்ளாற்றிலிருந்தும் நிரவியிலிருந்தும் பேருந்து ஏறி, இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு தலத்தெருவுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தப் பலகை தரும் ஏமாற்றத்தை நாங்கள் அறிவோம்.

சென்ற ஆண்டு அத்தகைய ஒரு வாரத்தில் நிகழ்ந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவருக்கு இரண்டு இரவுகளாக உடல் வியர்த்துக் கொட்டியது. விடியற்காலையில் பேச்சு சற்றுக் குழறியது. திங்களன்று அவரை அழைத்து வந்த மகள், பலகையைப் படித்துவிட்டு, வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிச் சென்றார். புதன் அதிகாலையில் பெரியவர் நினைவிழந்த நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது அவருடைய இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் அவர் நலமடைந்து வீடு திரும்பினார்.

தவறு அந்த மகளுடையது அன்று. எங்கள் பலகை மருத்துவர் வரும் நாளைச் சொன்னதே தவிர, அதுவரை என்ன செய்வது என்பதைச் சொல்லவில்லை. அக்குறையை இப்போது திருத்தியிருக்கிறோம். அதோடு, நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் இக்கட்டுரையில் விடை கூற விரும்புகிறோம். மாநாட்டில் என்னதான் நடக்கிறது? அங்கே பேசப்படுவதை எவ்வளவு நம்பலாம்? முதியோரை வெளியூர்ப் பயணம் அழைத்துச் செல்லும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

முதுமையும் வளர்சிதை மாற்றமும்

உண்ட உணவை உடல் ஆற்றலாக மாற்றுவதும், மிஞ்சியதைச் சேமிப்பதும், தேய்ந்ததைப் புதுப்பிப்பதும் சேர்ந்ததே வளர்சிதை மாற்றம். வயது கூடக்கூட இச்செயல்கள் யாவும் மாறுகின்றன. சர்க்கரையைப் பெருமளவில் பயன்படுத்தும் தசை குறைகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் தளர்வதால், முன்பு ஒரு நாளில் வெளியேறிய மருந்து இப்போது நீண்ட நேரம் உடலில் தங்குகிறது. தாக உணர்வு மழுங்குகிறது. சர்க்கரை குறையும்போது கை நடுக்கம், படபடப்பு முதலிய எச்சரிக்கைகளை எழுப்பும் நரம்புகளும் முன்போல் விரைந்து செயல்படுவதில்லை.

மேலே சொன்ன பெரியவருக்கு நேர்ந்ததும் இதுவே. பத்து ஆண்டுகளாக அவர் உட்கொண்டது ஒரே மாத்திரை, ஒரே அளவு. மாத்திரை மாறவில்லை; அதை வெளியேற்றும் சிறுநீரகம் மாறிவிட்டது. ‘இத்தனை ஆண்டுகளாக ஒத்துக்கொண்ட மருந்துதானே’ என்ற எண்ணம் முதுமையில் பாதுகாப்பானதன்று.

நம் பகுதிக்கு இது அயலான செய்தியும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பெரும் ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. வயதுவந்தோரில் தேசிய அளவு 11.4 விழுக்காடு. காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலோ அது 26.3 விழுக்காடு, கோவாவுக்கு அடுத்த நிலை. அதாவது, ஏறக்குறைய நால்வரில் ஒருவர். அவர்களில் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டு மாநாடுகள் கற்பித்த பாடம்

மாநாட்டுக்கு ஏன் செல்கிறோம் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் போதும்.

1998 செப்டம்பரில் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் நடந்த ஐரோப்பிய நீரிழிவு மாநாட்டில் பிரிட்டனின் நீண்டகால ஆய்வு ஒன்றின் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. 1977இல் தொடங்கிய அவ்வாய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டிருந்தனர். தொடக்கத்திலிருந்தே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஏற்படும் பாதிப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துமாறு நாங்கள் உங்களை ஓயாமல் வற்புறுத்துவதற்கு அடிப்படை இத்தகைய சான்றுகளே.

பத்து ஆண்டுகள் கழித்து, 2008 ஜூனில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் மற்றோர் ஆய்வின் முடிவுகள் முன்வைக்கப்பட்டன. இதில் கலந்துகொண்டவர்கள் 10,251 பேர். சராசரி வயது 62. பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது. இதயநோய் அல்லது அதற்கான அபாயமும் இருந்தது. ஒரு பிரிவினருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை 6 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர மருந்துகள் கூட்டப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு 7 முதல் 7.9 வரை போதும் என்று விடப்பட்டது. கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவில் 257 பேரும், மற்றதில் 203 பேரும் இறந்தனர். இவ்வேறுபாடு தெரியவந்ததும் அக்கடுமையான சிகிச்சை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நோயின் தொடக்கத்தில், உடலில் வலுவுள்ள வயதில், நல்ல கட்டுப்பாடு பிற்காலத்தைக் காக்கிறது. நோய் முதிர்ந்து, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த வயதில், எண்ணை மட்டும் துரத்துவது தீங்காக முடியலாம். எனவேதான் இன்று முதியோருக்கான இலக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. திடமாக நடமாடும் மூத்தவருக்கு மூன்று மாதச் சராசரி 7 முதல் 7.5க்குள் இருப்பது நன்று. பல நோய்களுடனோ மறதியுடனோ வாழ்பவருக்கு 8க்குள் இருந்தால் போதும். ‘பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 6.5தான், நம் அப்பாவுக்கு ஏன் 7.8?’ என்று கவலைப்படும் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சில வேளைகளில் நாங்கள் மருந்தைக் குறைப்பதும் சிகிச்சையே, கைவிடுதல் ஆகாது.

மாநாட்டுச் செய்தியை எடைபோடுவது எப்படி?

மாநாட்டில் முதிர்ந்த முடிவுகளோடு முதிராத முடிவுகளும் வைக்கப்படுகின்றன. பேரரங்கில் பல ஆண்டு ஆய்வின் முடிவு அறிவிக்கப்படும் அதே நேரத்தில், பக்கத்துக் கூடத்தில் எலிகளிடம் செய்த ஓர் ஆய்வு போஸ்டராக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுள் கணிசமானவை முழுமையான ஆய்வுக் கட்டுரையாக வெளிவருவதே இல்லை. ஆனால் மறுநாள் வாட்ஸ்அப்பில் இரண்டும் ‘உலக விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன.

அத்தகைய செய்தி வந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. சோதனை எதில் நடந்தது? ஆய்வகச் செல்களிலா, எலியிலா, மனிதரிலா?

2. மனிதர் என்றால் எத்தனை பேர், என்ன வயதினர், எவ்வளவு காலம்? நாற்பது வயதினரிடம் கண்டதை எண்பது வயதினருக்கு அப்படியே பொருத்த இயலாது.

3. எதை அளந்தார்கள்? இரத்தத்தில் ஓர் எண் குறைந்ததையா, அல்லது மாரடைப்பும் பார்வையிழப்பும் இறப்பும் குறைந்ததையா?

4. செய்தியைப் பரப்புபவர் ஏதேனும் ஒரு பொருளை விற்கிறாரா?

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக நீரிழிவு மாநாட்டில், ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய நீரிழிவு ‘ஐந்தாம் வகை’ என ஏற்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நம் வேலூரில் கூடிய பன்னாட்டு வல்லுநர்களின் கலந்தாய்வு இதற்கு வழிவகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1985இல் இவ்வகையைத் தன் பட்டியலில் சேர்த்து, 1999இல் நீக்கியிருந்தது. செய்தி பரவியதும், ‘எனக்கு உடம்பு மெலிந்துவிட்டது, எனக்கும் ஐந்தாம் வகையா? இன்சுலினை நிறுத்தலாமா?’ என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. இவ்வகை பெரும்பாலும் இளம் வயதிலிருந்தே மெலிந்து, ஊட்டமின்றி வளர்ந்தவர்களிடம் காணப்படுவது. எழுபது வயதில் புதிதாக எடை குறைந்தால் அதற்குக் காரணங்கள் வேறாக இருக்கலாம். அவற்றைத் தேடியாக வேண்டும். ஒரு பெயரைக் கேள்விப்பட்டு மருந்தை நிறுத்துவது பேராபத்து.

பயணம் செல்லும் முதியோருக்கு

நவம்பர் 14 உலக நீரிழிவு நாளையொட்டிப் பல நகரங்களில் பொதுமக்களுக்கான கூட்டங்கள் நடைபெறுவதுண்டு. சில அறிவியல் மாநாடுகளிலும் நோயாளிகளுக்கென அமர்வுகள் அமைகின்றன. அதற்காகவோ, சென்னையில் மேல்சிகிச்சைக்காகவோ, அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கவோ முதியோரை அழைத்துச் செல்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே எங்களை வந்து பாருங்கள். மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை எழுதி வாங்கி, ஒரு படியைப் பையிலும் மறுபடியை உடன்வருபவரிடமும் வையுங்கள். பயண நாட்களுக்குத் தேவையானதைவிட ஒரு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ரயிலிலோ பேருந்திலோ செல்லும்போது, ‘வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று மாத்திரையை மட்டும் முன்னதாக விழுங்காதீர்கள். உணவு கைக்கு வந்த பிறகே சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையும் உணவுக்கு முன் போடும் இன்சுலினும்.

பயன்பாட்டிலுள்ள இன்சுலினை வெயில் படாமல் வைத்திருந்தால் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. நம்மூர்க் கோடையில் ஈரமணலிட்ட மண்சட்டியோ மண்பானையோ அதற்குப் போதும். நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது. உறைபெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தில் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் அது உறைந்து பயனற்றுப் போகலாம்.

கிழக்கு நாடுகளுக்குச் சென்றால் பகல் சுருங்கும். மேற்கே சென்றால் நீளும். அதற்கேற்ப இன்சுலின் வேளையையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். இதை நீங்களே கணக்கிடாமல் எங்களிடம் எழுதி வாங்குங்கள்.

மாநாட்டு அரங்குகளிலும் விமான நிலையங்களிலும் நெடுந்தூரம் நடக்க நேரும். புதிய செருப்போடு பயணத்தைத் தொடங்காதீர்கள். இரவில் பாதங்களை உடன்வருபவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிப்பதில்லை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

திடீர் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், வழக்கத்துக்கு மாறான கோபம் அல்லது குழப்பம், எழுப்பினாலும் தெளியாத தூக்கம் ஆகியவை சர்க்கரை குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். முதியோரிடம் இவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். கருவி இல்லையென்றால் அறிகுறியை நம்பிச் சர்க்கரை கொடுப்பதே பாதுகாப்பானது.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழையுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உட்கொள்பவர் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். அம்மருந்தின் வேகம் அடங்காமல், சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள நாட்களில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். சிலவற்றை நிறுத்தவே கூடாது. உங்களுக்கு எவை எவை என்பதை அடுத்த வருகையின்போதே எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய பலகை

இனி நாங்கள் மாநாட்டுக்குச் செல்லும்போது வாயிலில் தொங்கும் பலகையில் மூன்று செய்திகள் இருக்கும்: மருத்துவர் திரும்பும் நாள், அதுவரை உங்களைப் பார்க்கும் மருத்துவரின் அறை, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். எழுத்துப் படிக்க இயலாதவர்களுக்குச் செவிலியர் ஒருவர் அதை எடுத்துச் சொல்வார். அவசரப் பிரிவு எந்நாளும் எந்நேரமும் திறந்திருக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வரவேற்பு மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். மாநாட்டில் நாங்கள் கேட்டுவர வேண்டிய ஐயங்கள் இருந்தால் அதில் எழுதுங்கள். நாங்கள் கண்டுகொண்டதை, எது உறுதியானது, எது இன்னும் முதிராதது என்று பிரித்து, இவ்விதழில் எழுதுவோம். அப்பெரியவரின் மகள்தான் அதில் முதல் கேள்வியை எழுதியிருக்கிறார்: ‘மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டிய வயது எது?’ அதற்கு ஒரு குறிப்பிட்ட வயது கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரகப் பரிசோதனை செய்து, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அளவைக் குறைக்க வேண்டிய வேளையை அவற்றிலிருந்து நாங்கள் அறிந்து சொல்வோம்.