பல்லின் கறையும் பழிச்சொல்லும்



பெற்றோர் தின்ற புளித்த திராட்சைக்குப் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பொருளில் ஒரு பழமொழி இஸ்ரயேலரிடையே வழங்கி வந்தது. இனி அதைச் சொல்லவே கூடாது என்று இறைவாக்கினர் எசேக்கியேல் வழியாக ஆண்டவர் கட்டளையிட்டார் (எசே 18). நம் பகுதியிலோ அது வேறு சொற்களில் இன்னும் ஒலிக்கிறது. குழந்தை சிரிக்கையில் பல்லில் பழுப்பு தெரிந்தால், "அம்மா பல் தேய்த்து விடுவதில்லையா?" என்று ஊர் கேட்கிறது. அந்தத் தாய் சிப்காட்டில் இரவு ஷிப்ட் போகிறவர் என்றால் பேச்சு இன்னும் நீளும்.

இந்தத் தீர்ப்பு பல வேளைகளில் உண்மைக்கே மாறானது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் மிகுந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ 8 வயதுவரை, அதற்கு மிஞ்சிய நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் சரியாக இறுகாது. முளைக்கும் பல்லில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் தோன்றும். எத்தனை முறை தேய்த்தாலும் அது போகாது. நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு நீங்காது. இதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு தாயின் கவனக்குறைவுதான் காரணம் என்றால், இரு மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர வேண்டிய தேவை என்ன?

சொத்தைப் பல் வேறு. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், பால் புட்டியைச் சப்பியபடியே தூங்கும் குழந்தைக்கு இது எளிதில் வரும். இதில் பெற்றோர் செய்யக்கூடியவை உண்டு. முதல் பல் முளைத்ததுமே தேய்த்துவிடத் தொடங்கலாம். புட்டியோடு உறங்க வைப்பதைத் தவிர்க்கலாம். மிட்டாய், பிஸ்கட்டைக் குறைக்கலாம். 3 வயதுவரை அரிசி மணியளவு பற்பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். பால்பல்தானே, விழுந்துவிடும் என்றும் விட்டுவிடலாகாது. வலி வந்தால் குழந்தையின் உணவும் உறக்கமும் கெடும்.

எது கறை, எது சொத்தை என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் "ஏன் இப்படி விட்டீர்கள்?" என்ற கேள்விக்கு அஞ்சியே பல பெற்றோர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். பழிச்சொல் விழுவது தாய்மேல். வலியைச் சுமப்பது பிள்ளை.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யாருடைய பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்று இயேசுவிடம் கேட்டார்கள் (யோவா 9). இருவர்மேலும் ஆண்டவர் பழி சுமத்தவில்லை. சேறு உண்டாக்கிக் கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் கழுவிவர அனுப்பினார். குற்ற உணர்வு நம்மை எழுப்பி நடக்க வைத்தால் அது அருள். கூனிக்குறுகி ஒளிந்துகொள்ள வைத்தால் அது ஆண்டவரிடமிருந்து வருவதன்று.

ஆகவே அன்புக்குரியவர்களே, இவ்வாரம் மூன்று செய்வோம். நம் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுப்போம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் பிள்ளைகளின் பற்களையும் காட்டுவோம். இரவுப் பணி முடித்துவரும் தாயிடம் கேள்வி கேட்பதற்குப் பதில், "மருத்துவமனைக்கு நானும் துணைக்கு வருகிறேன்" என்போம்.

சிறு பிள்ளைகளை அரவணைத்து ஆசி வழங்கிய ஆண்டவர் நம் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.