கர்லாக்கட்டையும் கெட்டில்பெல்லும்

மாணவர்களே! தாராவியிலோ செம்பூரிலோ உங்கள் வீட்டருகே உள்ள உடற்பயிற்சிக் கூடத்தை எட்டிப் பார்த்திருப்பீர்கள். சுவரில் புரூஸ் லீயின் படம் இருக்கும். தரையில் வளைந்த கைப்பிடியுடன் இரும்புக் குண்டுகள் கிடக்கும். அக்குண்டின் பெயர் கெட்டில்பெல். "புரூஸ் லீயைப் போல் ஆக வேண்டுமானால் இதைத் தூக்க வேண்டும், டீச்சர். நம் ஊரில் இப்படி ஒன்றுமே இல்லையே!" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கூறினான். அவனுக்கு நான் அளித்த விடையே இப்பாடம்.

கெட்டில்பெல் உருசிய நாட்டிலிருந்து பரவிய கருவி. அங்கு இதனைக் 'கிர்யா' என்பர். முதலில் இது தானியச் சந்தையில் பயன்பட்ட எடைக்கல்லாக இருந்தது. 'பூட்' என்பது உருசியரின் பழைய எடை அளவு, ஏறத்தாழ 16.4 கிலோகிராம். இன்றும் இக்குண்டுகள் 16, 24, 32 கிலோ என அமைந்திருப்பதன் காரணம் இதுவே. ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் என்று அவற்றைக் கணக்கிடலாம்.

இதில் என்ன புதுமை? டம்பெல்லில் எடை கையின் இருபுறமும் சமமாக இருக்கும். கெட்டில்பெல்லிலோ எடை முழுவதும் பிடிக்கு வெளியே தொங்குகிறது. குழாயடியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்த அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. வாளியைத் தூக்கி நிற்பது எளிது. ஆடத் தொடங்கிய வாளியை நிறுத்துவது கடினம். கை மட்டுமன்றித் தோள், முதுகு, இடுப்பு, கால் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதனை நிறுத்துகின்றன. வீசப்படும் கெட்டில்பெல்லும் உடலிடம் இதே வேலையை வாங்குகிறது.

இனி நம் கர்லாக்கட்டையைக் காண்போம். பிடி சிறுத்து, மறுமுனை பருத்த மரக்கட்டை இது. இதிலும் எடை கையிலிருந்து விலகியே நிற்கிறது. மல்லர்கள் இதனைத் தோளுக்குப் பின்னால் சுழற்றிப் பயிற்சி செய்தனர். மராத்திய வியாயாமசாலைகளில் இத்தகைய கட்டையை முத்கல் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் இந்தியாவில் கண்ட இப்பயிற்சியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது!

தென்தமிழகச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றொரு கல்லும் உண்டு. உருண்டையாக, வழவழப்பாக, பிடியே இன்றி இருக்கும். இளைஞர் அதனை முழங்காலுக்கு ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குக் கொண்டுசென்று பின்புறமாக எறிவர். எங்கள் ஊரில் பாதி மண்ணில் புதைந்து கிடந்த அத்தகைய கல்லை, சிறுமியாக இருந்தபோது, அமர்ந்து கதை பேசும் இடம் என்றே எண்ணியிருந்தேன். அதன் பெயரை நான் அறிந்தது கல்லூரிக்குச் சென்ற பிறகுதான்.

புரூஸ் லீக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1878இல் பிறந்த காமா என்னும் மல்லர், 1910இல் இலண்டனில் போலந்து நாட்டின் ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டு உலகப் புகழ் பெற்றவர். தண்டாலும் பஸ்கியும் அவரது அன்றாடப் பயிற்சிகள். காமாவின் பயிற்சி முறையைப் படித்து, அதிலிருந்து சிலவற்றைப் புரூஸ் லீ மேற்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நீங்கள் இந்தியில் கேட்கும் 'தண்ட்' என்பதும் நம் 'தண்டால்' என்பதும் உறவுச் சொற்களே.

1964இல் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் புரூஸ் லீ ஓர் அங்குலத் தொலைவிலிருந்தே குத்தி ஒருவரைப் பின்னால் தள்ளிக் காட்டினார். அவ்வலிமை கையில் மட்டும் பிறந்ததன்று. கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் வழியாக விசை முட்டியை அடைந்தது. கெட்டில்பெல் வீச்சும் இவ்வாறே. கால்களைத் தோள் அகலத்திற்கு விரித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். பின்னர் இடுப்பை விரைந்து முன்னே நிமிர்த்தினால் குண்டு தானாக மார்பளவு எழும். கைகள் கயிறு போல உடன் செல்லும், அவ்வளவே. முதுகு வளைந்தால் காயம் உறுதி. எனவே பயிற்றுநர் இன்றி 16 கிலோ குண்டைத் தொடாதீர்கள். ஒரே நாளில் புரூஸ் லீ ஆக விரும்பிய என் மாணவன் மூன்று நாள் முதுகுவலியோடு வகுப்பில் அமர்ந்திருந்தான்! இப்போது அவன் பஸ்கியிலிருந்து தொடங்கியிருக்கிறான்.

செயல்பாடு: உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள உறவினரிடம் இளவட்டக்கல்லைப் பற்றிக் கேளுங்கள். அக்கல் எங்கே இருந்தது? யார் தூக்கினார்? உங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டா? அவர்கள் சொன்ன சொற்களிலேயே பத்து வரிகள் எழுதி வருக.