உங்களுக்குத் தெரியுமா? பச்சிளம் மூளையைக் காக்கும் குளிர்

வளரும் மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைப் பெறும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள், பெரியவர்களின் மூளையில் உள்ளதைவிட நீண்ட நேரம் திறந்திருந்து கால்சியத்தை நரம்பணுவுக்குள் விடுகின்றன. புதிய நரம்பு இணைப்புகள் வலுப்பட இது உதவுகிறது. ஆனால் பிரசவத்தில் பிராணவாயு தடைபட்டால் குளூட்டமேட் பெருகும். மிதமிஞ்சிப் புகும் கால்சியம் நரம்பணுக்களையே கொல்லும்.

இந்தச் சேதத்தைக் குளிர்வித்துக் குறைக்கலாம் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆய்வாளர் அலிஸ்டர் கன் குழுவினர் 1997இல் ஆட்டுக் கருக்களில் காட்டினார்கள். அதே நகரின் எப்ஸம் பகுதியில் அன்று இயங்கிய நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில், குளிர்நீர் ஓடும் தொப்பியைப் பச்சிளங்குழந்தைகளுக்கு அணிவித்துச் செய்த சோதனையின் முடிவு 1998இல் வெளியானது.

இன்று பல நாடுகளில், பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 33–34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள்.