மலையமான் தலைநகர்

பழைய தலைநகர் ஒன்றைக் காணப் புறப்படுகிறவர்கள் கோட்டையையும் அகழியையும் அரண்மனையையும் எதிர்பார்த்துச் செல்வது இயல்பு. சீன நாட்டின் பண்டைத் தலைநகராகிய சாங்கானுக்குச் செல்வோர்க்கு அந்த ஆசை குறைவின்றி நிறைவேறுகிறது. இன்று சியான் என வழங்கும் அந்நகரில் மிங் மன்னர் காலத்து மதில் நிற்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் எழுந்த பௌத்தக் கோபுரம் நிற்கிறது. 1974-ஆம் ஆண்டில் உழவர் சிலர் அதன் அருகே கிணறு தோண்டியபோது, முதற் பேரரசனின் கல்லறைக்குக் காவலாகச் சுடுமண்ணால் செய்து புதைத்த பெரும்படையே வெளிப்பட்டது. நம் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் பழைய தலைநகர் ஒன்று உண்டு. அங்கே அரசன் வாழ்ந்த மாளிகையும் இல்லை. அவன் எழுப்பிய மதிலும் இல்லை. ஆயினும் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் சென்று காணவேண்டிய ஊர் அது. ஏன் என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வூர் திருக்கோவலூர். மக்கள் நாவில் திருக்கோயிலூர் என வழங்குவது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரித்து அமைத்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் தென்கரையில் இருக்கிறது. சங்க காலத்தில் இதைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. மலையமான் நாடு என்பதே பிற்காலத்தில் மலாடு என்றும் மிலாடு என்றும் சுருங்கிற்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய காரி, போரில் ஆற்றல் மிக்கவன். மூவேந்தரும் அவன் துணையை நாடினர், பொருளும் அனுப்பினர். வந்த பொருள் அவன் கருவூலத்தில் தங்கவில்லை. பாடி வந்தவர் கைக்கே சென்றது. கொடுத்துக் கொடுத்தே வாழ்ந்தவனுடைய ஊரில் மாளிகையைத் தேடுவது நமது பேதைமை அல்லவா?

ஊருக்குள் நுழையுமுன் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். மணற்பரப்பின் நடுவே ஒரு பெரும்பாறை தனித்து நிற்கும். அதன் உச்சியில் செங்கல்லால் ஆகிய சிறு கோயில். இதுவே கபிலர் குன்று. பறம்பு மலைத் தலைவனாகிய பாரியை மூவேந்தர் கொன்றபின், அவன் மகளிரைத் தம் பெண்களாகவே எண்ணி ஊர் ஊராக அழைத்துச் சென்றார், அவன் தோழராகிய புலவர் கபிலர். அம்மகளிர்க்கு நல்வாழ்வு தேடித் தந்தபின், தம் நண்பனைப் பிரிந்து வாழ விரும்பாமல் இங்கே உயிர் நீத்தார் என்பது வரலாறு. அவர் வடக்கிருந்து மாய்ந்தார் என்பாரும் உளர். தீப்புகுந்தார் என்பாரும் உளர். நான் சென்றது கோடையில். ஆற்றில் ஒரு சிறு நீரோட்டமே இருந்தது. மணலில் நடந்து பாறையை அணுகினேன். இந்த ஆறு எப்போதும் இப்படி அடங்கி இருப்பதன்று. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது அது கரைபுரண்டு ஊர்களைச் சூழ்ந்ததை நாம் அறிவோம். இத்தகைய வெள்ளம் எத்தனையோ கண்ட பாறை இது.

இது வெறுங்கதையோ என ஐயுறுவோர் அடுத்துக் கீழையூருக்குச் செல்லவேண்டும். சிவபெருமானின் எட்டு வீரட்டானங்களுள் ஒன்று அங்கே உள்ளது. அக்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கபிலர் பாரியின் மகளை மலையமான் குடியில் கொடுத்ததையும், பின்பு தீப்புகுந்ததையும், அவ்விடம் கபிலக்கல் என வழங்குவதையும் அது செய்யுளில் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இப்பாறை புகழ்பெற்றிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டா.

அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவள். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால் மறவாத குழந்தையை விட்டுவிட்டு அவனுடன் தீயில் மாய்ந்தவள். இதைப் படிக்கும்போது புறநானூற்று நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்னொரு நாளில் சோழன் கிள்ளிவளவன், மலையமானின் இளஞ்சிறுவர்களை யானைக்காலில் இடத் துணிந்தான். யானையைக் கண்டு அழுகையை மறந்து வியந்து நின்ற அக்குழந்தைகளுக்காகப் புலவர் கோவூர்கிழார் பரிந்து பேசினார். அவர்கள் உயிர் தப்பினர். எந்தச் சோழர் குடி மலையமான் குழந்தைகளை மிதிக்க யானையை நிறுத்தியதோ, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தக் குடியின் மாபெரும் வேந்தனை மலையமான் குலத்துப் பெண்ணொருத்தி பெற்றாள்! வரலாறு செய்யும் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

கீழையூரிலிருந்து மேலூருக்கு வந்தால் உலகளந்த பெருமாள் கோயில். ஓர் அடியை வான்நோக்கி உயர்த்தி நிற்கும் அந்தப் பேருருவம் காண்பாரை மெய்சிலிர்க்கச் செய்வது. பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒரு மழையிரவில் சந்தித்தது இத்தலத்து இடைகழி ஒன்றில் என்பர். ஒருவர் படுக்கத்தக்க இடத்தில் இருவர் அமர்ந்தனர். மூன்றாமவர் வரவே மூவரும் நின்றனர். நெருங்கி இடம் கொடுத்ததில் பிறந்தது ஆழ்வார்களின் முதற் பாசுரம். பெரியபுராணம் போற்றும் மெய்ப்பொருள் நாயனாரும் இந்நகரிலிருந்து ஆண்டவரே. அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய பகைவனை ஊறின்றி ஊர் எல்லை கடத்திவிடச் செய்து, அச்செய்தி கேட்டபின்னரே கண்மூடியவர் அவர்.

இனி மேற்கே செல்வோம். மணலூர்ப்பேட்டைக்கு அருகில் சம்பை என்னும் சிற்றூர். ஜம்பை எனவும் எழுதுவர். அவ்வூர்க் குன்றில் தாசிமடம் எனப்படும் குகை உள்ளது. அதில் பழந்தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரி. 1981-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட அவ்வரி, சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி இப்பள்ளியை ஈந்தான் என அறிவிக்கிறது. இதன் அருமை என்ன? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறித்தான். அவர் யாவர் என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அவர் அதியமான் மரபினரே என்பதை இந்த ஒரு வரி காட்டிவிட்டது. அதியமான் கோவலூரை வென்றான் என்பதை ஔவையார் பாட்டால் அறிகிறோம். வென்றவனும் இங்கே விட்டுச் சென்றது வெற்றித்தூண் அன்று. துறவிகள் தங்குவதற்கு ஓர் உறையுள்!

மலையமான் என்னும் பெயரிலேயே மலை இருக்கிறது. ஆதலால் மலையையும் கண்டு திரும்புவதே முறை. வழியில் தியாகதுருகக் கோட்டைக் குன்று. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காகப் போரிட்டனர். கள்ளக்குறிச்சியைக் கடந்து கச்சிராயபாளையம் சென்றால், கோமுகி அணைக்குப் பின்னால் கல்வராயன் மலை நீலமாக எழும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயர்ந்து செல்வது. கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து சமவெளி வயல்களை வளர்க்கின்றன. வெள்ளிமலைக்குச் செல்லும் வளைந்த பாதையில் காற்று குளிர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் பெரியார் அருவியும் மேகம் அருவியும் நிறைந்து விழும். மழை வலுக்கும் நாளில் மட்டும் அருவியை நெருங்குதல் கூடாது. நீர் திடீரெனப் பெருகும். மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழ் பேசுவோர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் எனக் கூறுவோர். சாமை விளைவிப்பர், தேனும் கடுக்காயும் சேர்ப்பர். 1976-ஆம் ஆண்டில் அரசு ஏற்கும் வரையில் இம்மலை ஜாகீர்தார்கள் ஆட்சியில் இருந்தது.

இவ்வாறு சுற்றி வந்தால் ஓர் உண்மை புலப்படும். கோவலூரில் காலத்தை வென்று நிற்பவை யாவும் கொடுத்தலின் அடையாளங்கள்: அடைக்கலம் காத்த புலவரின் பாறை, துறவிக்கு ஈந்த குகை, மூவர் நெருங்கி நின்ற இடைகழி. சியான் நகரத்து மண்படையைக் காக்கப் பெருங்கூடமும் காவலரும் உண்டு. நம் பாறைகள் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு நின்ற எழுத்தை அழிக்க ஒரு சிறுவன் கையிலுள்ள ஆணியும் ஒரு குவளை வண்ணமும் போதும். மலைகளில் பாறைதோறும் காண்போர் தம் பெயரை எழுதிச் செல்லும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். மலையமான்கூடத் தன் பெயரை இங்கே பொறித்துக்கொள்ளவில்லை; பாடியவர் வாயில்தான் அவன் வாழ்கிறான். நீங்கள் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கல்லைத் தொடுமுன் அதன் கதையைச் சொல்லுங்கள். கதை அறிந்த பிள்ளை அக்கல்லில் கீறாது.