மரபியல் பயிலும் மாணவர்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஈற்றியலுக்கு மரபியல் என்பது பெயர். விலங்கு, பறவை முதலியவற்றின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியன இன்னவென்று அவ்வியல் வகுத்துரைக்கும். அப்பெயரையே இக்காலத்தார், பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளிடத்து வந்தமையும் முறையை ஆராயும் விஞ்ஞானத்திற்கும் இட்டு வழங்குகின்றனர். தமிழ் பயிலும் எமக்கு இப்பெயரொற்றுமையே அத்துறையின்பால் விருப்பத்தை விளைத்தது. பட்ட வகுப்பில் மரபியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளும் ஒருவர் கற்பது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நீண்ட பெயர்களையும் நோய்களின் அட்டவணைகளையும் நெட்டுருச் செய்வதே இப்படிப்பு எனப் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. மரபியலின் முதற்பாடம் எண்ணுதல். கிரெகோர் மெண்டல் என்னும் துறவி புருன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, 1866-இல் தம் முடிபுகளை வெளியிட்டார். உருண்டை விதையினத்தையும் சுருங்கிய விதையினத்தையும் கலந்தபோது, முதற்றலைமுறையில் விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அடுத்த தலைமுறையில் அவர் எண்ணிய 7,324 விதைகளுள் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் அழிந்துபோகாது மறைந்தே நின்றது என்பதை இவ்வெண்களே காட்டின. இக்கணக்கையே இன்றும் மரபியல் மாணவர் முதலிற் கற்கின்றனர்.

நிற்க. பட்ட வகுப்பு மாணவர் பிறர் கண்டதைக் கற்பதோடு அமைய வேண்டுவதில்லை என்பதற்கு இத்துறையிலேயே சிறந்த சான்றொன்று உண்டு. ஆல்பிரெட் ஸ்டர்ட்டிவண்ட் என்பார் 1891-இல் பிறந்தவர். அமெரிக்க நாட்டு அலபாமா மாகாணத்துப் பண்ணையில் வளர்ந்தவர். இளமையிலேயே தம் தந்தையாரின் குதிரைகளுக்கு வமிசாவளி எழுதிப் பழகினார். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்திற் பயின்றபோது, குதிரைகளின் நிறம் வழிவழி வரும் முறை குறித்து ஒரு கட்டுரை வரைந்து பேராசிரியர் மார்கனிடம் காட்டினார். அவர் அதனை வெளியிடுமாறு ஊக்கி, தம் ஆய்வுக்கூடத்திலும் ஓரிடம் அளித்தார். பால் புட்டிகளிற் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்த அவ்வறை 16 அடி அகலமும் 23 அடி நீளமுமே உடையது.

1911-இல் ஒருநாள், மார்கனோடு உரையாடியபின், ஸ்டர்ட்டிவண்ட் ஈக்களைப் பற்றிய கணக்குகளை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். வகுப்புப் பாடங்களை ஒருபுறம் வைத்துவிட்டு இரவின் பெரும்பகுதியையும் அக்கணக்குகளிற் செலவிட்டார். அவர் கண்டதை ஓர் உவமையால் விளக்குவோம். மலர்கள் ஒரே நிரலாய்த் தொடுக்கப்பட்ட இரு மாலைகளை அருகருகே வைத்து, யாதேனும் ஓரிடத்தில் இரண்டையும் அறுத்து, ஒன்றன் மேற்பாதியை மற்றதன் கீழ்ப்பாதியோடு முடிவதாகக் கொள்வோம். அடுத்தடுத்துள்ள இரு மலர்கள் பிரிவது அரிது. தொலைவில் உள்ளவை பிரிவது எளிது. குரோமோசோம் என்னும் இழையின்மேல் அமைந்த ஜீன்களும் அத்தகையனவே. ஆகவே, இரு இயல்புகள் எத்துணை முறை பிரிகின்றன என்று எண்ணினால், அவற்றின் இடைத்தூரம் புலனாகும்.

மஞ்சள் உடலும் வெள்ளைக் கண்ணும் நூற்றுக்கு 1.0 வீதம் பிரிந்தன. வெள்ளைக் கண்ணும் சாதிலிங்க நிறக் கண்ணும் 29.7, சாதிலிங்க நிறக் கண்ணும் குறுஞ்சிறகும் 3.0. எனவே அவற்றை 0, 1.0, 30.7, 33.7 என ஒரே கோட்டில் நிறுத்தினார். மஞ்சள் உடலையும் சாதிலிங்க நிறக் கண்ணையும் நேரே ஒப்பிட்டு எண்ணியபோது 32.2 வந்தது, கணக்கும் காட்சியும் பெரிதும் ஒத்தன. எவரும் கண்ணாற் காணாத ஜீன்களுக்கு முதற்படம் வரைந்தவர் ஒரு மாணவர்! அப்படம் 1913-இல் வெளியாயிற்று.

இனி, எண்ணாது துணிவதால் விளையுங் கேட்டையும் நோக்குவோம். அதே நாட்டில், 1910-இல், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னுமிடத்தில் மாந்தர் குலநலம் பேணுவதாகக் கூறி ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் ஊழியர் வீடுதோறும் சென்று, அயலார் சொற்களையும் கேட்டு, வமிசாவளிகளைத் தொகுத்தனர். வறுமையும் அறிவுக் குறைவும் குற்றமும் பட்டாணியின் சுருக்கம்போல் வழிவழி வருவன என மெண்டலின் பெயராலேயே முடிவு கட்டினர். 1927-இல் வர்ஜீனியா மாகாணத்துக் கேரி பக் என்னும் இளம்பெண்ணின் மகப்பேற்றை அறுவையால் ஒழிப்பது தகும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தாய், அவள், அவள் குழவி ஆகிய மூன்று தலைமுறையினரும் அறிவிலிகள் என்பது வழக்கு. ஓராண்டும் நிரம்பாத குழவியை நோக்கி அவ்வாறு துணிந்தனர்! அக்குழவியோ பின்னர்ப் பள்ளியில் நன்மாணாக்கர் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய சட்டங்களால் அந்நாட்டில் அறுவைக்குட்பட்டோர் அறுபதினாயிரவர்க்கு மேற்பட்டவர்.

இரு சாராரும் மரபையே பேசினர். எனினும், ஒருவர் தாம் எண்ணியதைச் சொன்னார். மற்றையோர் தாம் எண்ணியிருந்ததைச் சொன்னார்கள். வளர்ப்பு, உணவு, கல்வி என்பவற்றால் வருவது எது, பிறப்பால் வருவது எது எனப் பிரித்தறியாமலே அவர்கள் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

பழ ஈயின் மரபெழுத்து வரிசை 2000-இல் வெளியிடப்பட்டது. இன்று கருவிகள் அவ்வெழுத்துக்களை விரைந்து படித்துத் தருகின்றன. ஆயினும் பட்ட வகுப்பு மாணவர் இன்றும் புட்டியில் ஈ வளர்த்து, ஒவ்வொன்றாய் எண்ணி, எதிர்பார்த்த தொகைக்கும் கண்ட தொகைக்கும் உள்ள வேறுபாடு தற்செயலா என்று கணித்துப் பார்க்கின்றனர். அப்பயிற்சி வீணன்று. “இவர் பிறப்பு இத்தகையது, ஆதலின் இவர் இவ்வளவினரே” என்று எவரேனும் உரைக்குமிடத்து, “எத்தனை பேரை எண்ணினீர்? வேறு காரணம் உண்டா எனத் தேடினீரா?” என்று வினவும் துணிவை அது தருகின்றது. அவ்வினாவைக் கற்றவரே மரபியலைக் கற்றவர் என்பது எம் துணிபு.